சுகர் மாத்திரை: எதை எப்போது போடுவது, எப்போது நிறுத்தி வைப்பது?

டைப் 2 சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். சர்க்கரை நோய் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. பாதி பதில் அந்த அட்டையிலேயே இருந்தது.

எனக்கு 46 வயது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போட்டுவிடுவேன். அன்று தொடங்கிய வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். வேறு மாத்திரை கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதற்கு முன், ‘காலை எழுந்ததும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சரிசெய்து பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினால் வயிறு கலங்குவது சகஜம்; அது ஒவ்வாமை அல்ல. இந்த மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடக் குடல் சுவரில் பல மடங்கு செறிவாகத் தங்கும். பழகாத குடலில் முதல் நாளே 1000 மி.கி. இறங்கி, அதில் பாதி வெறும் வயிற்றில் போனால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள். முதல் வாரம் 500 மி.கி. ஒன்றே ஒன்று, அந்த நாளின் பெரிய சாப்பாட்டின்போது. பாதி சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டு, மீதியை அதன்மேல் சாப்பிடுவது பலருக்கு ஒத்துவருகிறது. வயிறு அமைதியாக இருந்தால் இரண்டாவது வாரம் இன்னொரு வேளைச் சாப்பாட்டோடு இன்னொன்று. கலங்கினால் முந்தைய அளவுக்கே திரும்பி, மேலும் ஒரு வாரம் அப்படியே இருங்கள். அவசரப்பட்டு ஏற்றுவதில் லாபம் ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

அப்போதும் அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். அல்லது இ.ஆர். என்று அச்சிட்டிருக்கும். வழக்கமாக இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளை. அதை உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ கூடாது. உடைத்தால் மணிக்கணக்கில் கசிய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் கொட்டிவிடும்; பழைய வயிற்றுப்போக்கு திரும்பி வரும்.

இன்னொன்று: வருடக்கணக்கில் தொல்லையே இல்லாமல் மெட்ஃபார்மின் போட்டுவந்தவருக்கு, அளவும் வகையும் மாறாமல், திடீரென வயிற்றுப்போக்கு தொடங்கினால் மருந்தின் மேலேயே பழியைப் போட்டுவிடாதீர்கள். வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்.ஆர். மாத்திரை மலத்தில் முழுசாக வருகிறது. மருந்து உடம்பில் சேரவே இல்லையா?

சேர்ந்துவிட்டது. வெளியே வருவது காலிக் கூடு. இந்த வகை மாத்திரையின் உடல் குடலில் ஊறி, மருந்தைக் கசியவிட்டு, தான் மட்டும் கரையாமல் வெளியேறும். சர்க்கரை அளவு வழக்கம்போல் இருந்தால் கவலை வேண்டாம்.

அப்பாவுக்கு 72 வயது. காலை 7 மணிக்கு மாத்திரை போட்டார். வெளியே ஒரு வேலை இழுத்துவிட்டதில் 11 மணி வரை சாப்பிடவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறியது. மீட்டரில் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணி கழித்தும் 55தான். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு சரியானது. வீட்டுக்கு வந்து மாலையில் மறுபடி 62. ஏன் இப்படி? அட்டையின் படம் அனுப்பியிருக்கிறேன்.

அட்டையில் சின்ன எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., வோக்லிபோஸ் 0.2 மி.கி. அன்று நடந்ததற்கெல்லாம் விளக்கம் இந்த மூன்று வரிதான்.

கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் அதை நாளின் முதல் முக்கியச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தால் போதும். 7 மணி என்பதெல்லாம் முக்கியமே இல்லை. கிளைபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு ஆகியவையும் இதே குடும்பம். மெட்ஃபார்மின் தனியாக எடுக்கும்போது சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளுவது அபூர்வம்.

சர்க்கரைத் தண்ணீர் ஏன் கைகொடுக்கவில்லை? மூன்றாவது மருந்துதான் காரணம். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். குடலில் அது உடைந்து குளுக்கோஸ் ஆனால்தான் ரத்தத்தில் ஏறும். வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டின் வேலையே அந்த உடைப்பைத் தாமதப்படுத்துவது. எனவே இந்த மருந்து எடுப்பவருக்கு லோ சுகர் வந்தால் சர்க்கரையை நம்பக் கூடாது. குளுக்கோஸ் பவுடரோ குளுக்கோஸ் மாத்திரையோதான் வேண்டும். வீட்டில் ஒன்று, அப்பாவின் சட்டைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

அளவு இது: 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் காத்திருந்து மீட்டரில் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். மேலே வந்ததும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். (வோக்லிபோஸ், அகார்போஸ் எடுக்காதவர்களுக்குத் தட்டையாக 3 அல்லது 4 டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழச்சாறு போதும்.) சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேராக மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

மாலையில் மறுபடி இறங்கியதற்குக் காரணம், கிளிமெபிரைடு ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வேலை செய்வது. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்துபோகும். மாத்திரையின் வேலை தீர்ந்திருக்காது. இந்த வகை மருந்தால் மயக்கம்வரை போன முதியவரைச் சரியாகிவிட்டது என்று ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் நேரமாகும். அடுத்த வேளை அதே மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பா ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுக்கிறாரா? அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் மீட்டரை எடுங்கள். புதிதாக ஆன்டிபயாட்டிக்கோ பூஞ்சைக்கான மாத்திரையோ எழுதினாலும் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கோ-டிரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல் ஆகியவை இந்தக் குடும்ப மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?

எந்தச் சர்க்கரை மாத்திரையையும் இரண்டாகப் போடாதீர்கள். மெட்ஃபார்மின் என்றால் அடுத்த சாப்பாட்டோடு வழக்கமான அளவு. காலை கிளிமெபிரைடு மதியம் நினைவுக்கு வந்தால் மதியச் சாப்பாட்டோடு போடலாம். இரவில்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடுங்கள், தூக்கத்தில் லோ சுகர் வருவதைவிட ஒரு நாள் சற்றுக் கூடியிருப்பது மேல். வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போனால்தான் பயன். சாப்பிட்டு முடித்த பிறகு போடுவது வீண்.

எனக்கு 62 வயது, பெண். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4. மாத்திரையால்தான் கிட்னி கெட்டது, மெட்ஃபார்மினை உடனே நிறுத்து என்கிறார்கள் தெரிந்தவர்கள். மருத்துவர் பாதியாகக் குறைத்து, தொடரச் சொல்கிறார்.

மருத்துவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. உடலில் சிதையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து அது. எனவே சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து உள்ளே தேங்கும். அப்படித் தேங்கினால் அபூர்வமாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது, புகைக்குப் பயந்து நெருப்பை வளர்ப்பது போல.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மெட்ஃபார்மினின் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின், லாக்டிக் அமிலச் சிக்கலால் 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயரின் நிழல் மெட்ஃபார்மின் மேலும் நெடுநாள் விழுந்திருந்தது.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எண் வேண்டும்; சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது காட்டும். அதே 1.4, 30 வயது ஆணுக்கு என்றால் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 69. உங்களுக்குச் சுமார் 42. இது 45-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மினைப் பாதியாக, அதாவது நாளொன்றுக்கு 1000 மி.கி.க்கு மிகாமல் குறைப்பது வழக்கம். 30-க்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். இனி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பாருங்கள். கூட வேறு சர்க்கரை மாத்திரை எடுத்தால் அதன் அளவையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிட்டாகிளிப்டின் 100 மி.கி. என்பது இந்த நிலையில் 50 ஆகும். லினாகிளிப்டினைக் குறைக்கத் தேவையில்லை. கிளைபென்கிளமைடு இருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். வலி நிவாரணி மாத்திரைகளைக் கடையில் நீங்களே வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். உங்கள் சிறுநீரகத்துக்கு மெட்ஃபார்மினைவிட அதுதான் பகை.

டபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.யும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். போன வாரம் காய்ச்சல், வாந்தி. இரண்டு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. சர்க்கரை 170 தானே என்று மாத்திரையை விடாமல் போட்டேன். சரிதானே?

தப்பித்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் மூன்றும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. கூடவே நீரும் போகும். சாப்பாடும் இல்லாமல், வாந்தியில் நீரும் இழந்து, அதன்மேல் இந்த மாத்திரையும் போனால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். இதில் ஏமாற்றும் விஷயம், மீட்டரில் சர்க்கரை 170, 200 என்று சாதுவாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வாங்கும் மூச்சு, காரணமில்லாத களைப்பு இருந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். கீட்டோன் பரிசோதனை கேட்டுச் செய்யுங்கள்; ரத்தக் கீட்டோன் 1.5-க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனை.

இனி இப்படி நோய்வாய்ப்பட்டால்: வாந்தி, வயிற்றுப்போக்கு, அல்லது சாப்பிட்டுக் குடிக்க முடியாத நிலை வந்த அன்றே இந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி வையுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி போடலாம். கிளிமெபிரைடு வகை எடுப்பவர்கள் சாப்பிடாத வேளையில் அதையும் விட வேண்டும். ஆனால் காய்ச்சல் சர்க்கரையை ஏற்றவும் செய்யும், அதனால் நான்கு மணிக்கொரு முறை மீட்டரில் பாருங்கள். 300-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ வீட்டில் இருக்காதீர்கள். இன்சுலின் ஊசியும் எடுப்பவர் அதை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளிலும், நீர் பிரியும் மாத்திரைகளிலும் சிலவற்றை அந்த நாட்களில் நிறுத்த வேண்டியிருக்கும். எவை என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

முன்பு பார்த்த அப்பாவின் மாத்திரைபோல் மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பது வசதிதான். ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டிய நாளில் அந்த வசதியே தொல்லையாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கும்வரை சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை எப்போதும் கூடுதலாகவே காட்டும். அது கோளாறு அல்ல. பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளையாகப் படிவது பூஞ்சைத் தொற்று. சிறுநீர் கழித்ததும் நீரால் கழுவி ஈரம் போக ஒற்றி எடுத்தால் பெருமளவு குறையும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்து, பிறகு மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள் பலர். களிம்பிலேயே தீரக்கூடியது அது. அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் அது வேறு, அவசரம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் மாத்திரை போட வேண்டுமா?

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும்வரை வேண்டாம். கொடுத்த பிறகு வழக்கமான மாத்திரையை வழக்கமான சாப்பாட்டோடு போட்டு, சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். மாத்திரை போடாமலே இரண்டாவது ரத்தம் கொடுப்பவர்கள் நிறைய. அந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டினால் அது தேவையில்லாத கூட்டல். மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை.

சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனோ ஆஞ்சியோவோ என்றால் மெட்ஃபார்மின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்த பிறகு தொடங்குவார்கள். அறுவை சிகிச்சை என்றால் டபாகிளிஃப்ளோசின் வகையை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். முந்தைய இரவு சொன்னால் நேரம் கடந்துவிட்டது.

அம்மாவுக்கு 76 வயது. கிளிமெபிரைடு 4 மி.கி., மெட்ஃபார்மின் 1000 மி.கி. எச்.பி.ஏ.1சி. 6.1 வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?

எங்களுக்குக் கவலைதான் வருகிறது. உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இந்த எண் வந்திருந்தால் நல்லது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையை 4 மி.கி. கொடுத்து வந்திருப்பதால், இரவிலோ விடியற்காலையிலோ யாரும் பார்க்காதபோது சர்க்கரை 60-க்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். கெட்ட கனவு, வியர்த்து விழிப்பது, காலையில் தலைவலி, குளியலறையில் விழுவது இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். சில நாள் அதிகாலை 3 மணிக்கு மீட்டரில் பாருங்கள். பலருக்கு இலக்கு 7-க்குக் கீழே. இந்த வயதில், வேறு நோய்களும் தளர்ச்சியும் இருந்தால் 8-க்குக் கீழே இருந்தாலே போதும். குறைக்க வேண்டியது மெட்ஃபார்மின் அல்ல, கிளிமெபிரைடு. மருத்துவர் அதை முதலில் பாதியாக்குவார். ரத்தசோகையும் இந்த எண்ணைத் திரிக்கும். இரும்புச் சத்துக் குறைவு அதைக் கூட்டிக் காட்டும். ரத்தம் இழந்திருந்தாலோ ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

எட்டு வருடமாக மெட்ஃபார்மின். பாதம் மரத்துப்போகிறது. சர்க்கரை நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து எடுக்கிறேன், குறையவில்லை.

வைட்டமின் பி12 பார்த்தீர்களா? நெடுநாள் மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பி12 குறைவால் வரும் மரப்பும் சர்க்கரையால் வரும் மரப்பும் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதைச் சரிசெய்ய முடியும், காலம் தாழ்த்தாமல் இருந்தால். மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. பி12-ஐ ஈடுசெய்தால் போதும். பி12 பார்க்காமல் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுக்காதீர்கள், ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

கடையில் என் மாத்திரை இல்லை என்று வேறு பெயரில் ஒன்று கொடுத்தார்கள். பிறகு பழையதும் கிடைத்தது. இரண்டையும் போடுகிறேன். சில நாளாக மதியம் தலை சுற்றுகிறது.

இன்றே ஒன்றை நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு அட்டையிலும் பெரிய எழுத்துப் பெயர்தான் வேறு. சின்ன எழுத்தில் இரண்டிலும் கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்றே இருக்கிறது. அதாவது எழுதிக் கொடுத்ததுபோல் இரண்டு மடங்கு. தலை சுற்றும் நேரத்தில் மீட்டரில் பார்த்து, எண்ணோடு மருத்துவரிடம் போங்கள். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசியாகத் தீர்க்கிற மாதிரி வையுங்கள்.

வாய்வழி செமாகுளூடைடைக் காலைக் காபியோடு போடலாமா?

போட்டால் மருந்து ஏறாது. எழுந்ததும் வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத வெறும் தண்ணீரில் முழுசாக விழுங்கிவிட்டு, 30 நிமிடம் கழித்துத்தான் காபி, சாப்பாடு, மற்ற மாத்திரைகள் எல்லாம்.